மேலாளரை ‘டின் காட்’ என்றேன், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்துவிட்டது

பெங்களூரு மாரத்தஹள்ளியில் வசிக்கும் 36 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறோம். ஆம்பூர் பக்கத்துக்காரர். அமெரிக்கத் தலைமையகம் கொண்ட மென்பொருள் நிறுவனம் ஒன்றில் 4 ஆண்டு 4 மாதமாக வேலை. எட்டு மாதத்துக்கு முன் அவருடைய குழுவுக்குப் புதிய மேலாளர் வந்தார். அதே நிறுவனத்தில் டெஸ்டராகச் சேர்ந்து மேலே வந்தவர், கோலார் தங்கவயலை (கே.ஜி.எஃப்.) சேர்ந்த தமிழ்ப் பெண். ஒருகாலத்தில் இவருக்கு ஜூனியர். ‘எந்த மெயிலானாலும் தன்னை சிசியில் போடச் சொல்கிறார், மீட்டிங்கில் என்னைப் பேச விடுவதில்லை, எல்லார் முன்னாலும் ஸ்மார்ட் அலெக் (அதிகப்பிரசங்கி) என்கிறார், லீவு கேட்டால் மூன்று நாள் பதிலே வராது’ என்பது இவருடைய மனக்குறை.

அலுவலகத் தமிழ் நண்பர்கள் ஒன்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மூன்று மாதமாக இவர் அந்த மேலாளரைப் பற்றி எழுதிவந்திருக்கிறார். பிக் ஷாட், டின் காட், ப்ரிமா டோனா, டிவா, ஜம்ப்டு-அப் டெஸ்டர், அப்பிட்டி, நார்சிசிஸ்ட் எல்லாம் அவர் பயன்படுத்திய சொற்கள். யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏழு நாளில் விளக்கம் தரும்படி ஹெச்.ஆர். நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. மேலாளர் அவதூறு வழக்குப் போடப்போவதாகவும் பேச்சு அடிபடுகிறது. வாசகர் கேட்பவை: இதற்காக ஜெயிலுக்குப் போக நேருமா? தனிப்பட்ட குழுவில் பேசியதை நிறுவனம் எப்படி எடுக்கலாம்? ‘தமிழில் கெட்ட வார்த்தை பேசியிருந்தால் தப்புதான். இதெல்லாம் டிக்‌ஷனரியில் இன்ஃபார்மல் என்று போட்டிருக்கும் டீசன்ட்டான இங்கிலீஷ் வார்த்தைகள். இதில் என்ன குற்றம்?’ பேசாமல் ராஜினாமா செய்துவிடலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசி இரண்டு கேள்விகளில்தான் உங்கள் வேலை அடங்கியிருக்கிறது. முதலில் அந்தச் சொற்களை எடுத்துக்கொள்வோம்.

டிக்‌ஷனரியில் ‘இன்ஃபார்மல்’ என்ற குறிப்பு, அந்தச் சொல்லை எந்த இடத்தில் புழங்குவார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. அலுவலக அறிக்கையில் எழுதமாட்டார்கள், டீக்கடையில் பேசுவார்கள் என்று அதற்குப் பொருள். யாரையும் புண்படுத்தாது என்ற உத்தரவாதம் அதில் இல்லை. அதற்கு ‘டெராகட்டரி’, ‘அஃபென்சிவ்’, ‘டிஸ்அப்ரூவிங்’ என்று வேறு குறிப்புகள் உண்டு. அவற்றை நீங்கள் பார்க்கவில்லை. மேலும், வெளிமொழிச் சொல் நம் காதில் பாதி வலுவோடுதான் விழும். ‘தலைகால் புரியாம ஆடுறா’ என்று தமிழில் தட்டச்சு செய்திருந்தால் அனுப்பும் முன் கை ஒரு நொடி தயங்கியிருக்கும். ஆங்கிலம் அந்தத் தயக்கத்தைத் தரவில்லை.

எல்லாம் ஒரே ரகச் சொற்கள் அல்ல

பிக் ஷாட், பிக்விக், பிக் சீஸ் போன்றவை பெரிய ஆள் என்பதைக் கொஞ்சம் கேலி கலந்து சொல்பவை. பிக்விக் என்பது இங்கிலாந்தில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பெரிய மனிதர்கள் அணிந்த பெரிய பொய்முடியிலிருந்து வந்தது. பிக் சீஸில் உள்ள ‘சீஸ்’ நம் நாட்டு உருதுவில் பொருள் என்று அர்த்தம் தரும் ‘சீஜ்’ என்பதே என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தச் சொற்களுக்காக யாரும் உங்களை வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள்.

டின் காட், நோ-இட்-ஆல், விண்ட்பேக், கன்ட்ரோல் ஃப்ரீக் ஆகியவை நடத்தையைச் சொல்பவை. டின் காட் என்றால் தகரச் சாமி. சின்ன அதிகாரத்தை வைத்துக்கொண்டு பெரிய தெய்வம்போல் வணக்கம் எதிர்பார்ப்பவர். நம் ஊரில் ‘பந்தா’, ‘அலட்டல்’, ‘கொம்பு முளைச்சிருக்கு’ என்பவை இந்த இனம். மரியாதைக் குறைவுதான். ஆனால் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைப் பற்றிய கருத்து இது. லீவு விண்ணப்பத்துக்கு மூன்று நாள் பதில் தராததை நீங்கள் இந்தச் சொல்லால் குறித்தீர்கள் என்று வாதாட இடம் இருக்கிறது.

ப்ரிமா டோனாவும் டிவாவும் இத்தாலிய ஓபரா மேடையிலிருந்து வந்தவை. முதல் சொல் தலைமைப் பாடகியைக் குறிப்பது, இரண்டாவதற்குத் தேவி என்று பொருள். இதே நடத்தையை ஆண் மேலாளரிடம் பார்த்திருந்தால் இந்தச் சொற்கள் உங்கள் கைக்கு வந்திருக்குமா என்று உங்களைக் கேட்பார்கள். பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். நார்சிசிஸ்ட் என்பது இன்று எல்லோர் வாயிலும் புழங்கினாலும், அதற்குப் பின்னால் ஒரு மருத்துவப் பெயர் நிற்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980இலிருந்து ஆளுமைக் கோளாறாக இடம்பெற்றிருப்பது அது. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குழுவில் நீங்கள் அதை எழுதியது, ஒருவருக்கு மனநோய் என்று சக ஊழியர்களிடம் சொன்னதாகப் படிக்கப்படலாம்.

இப்போது நோட்டீஸுக்கு வருவோம். ஜம்ப்டு-அப் டெஸ்டர், அப்பிட்டி ஆகிய இரண்டு சொற்களை மட்டும் மஞ்சள் நிறத்தில் குறித்திருப்பதாகவும், ‘டின் காட்டை விட்டுவிட்டு இதை ஏன் பிடித்தார்கள் என்று புரியவில்லை’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஹெச்.ஆர். சரியான இடத்தில்தான் குறித்திருக்கிறது. ஜம்ப்டு-அப் என்பது கீழிருந்து மேலே வந்தவர், வந்த இடத்துக்குத் தகுதி இல்லாதவர் என்று சொல்கிறது. ‘அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்’ என்ற பழமொழி அப்படியே இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அப்பிட்டி அதைவிட மோசம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பரவிய சொல் அது. கறுப்பின மக்கள் படித்து, சொத்து வாங்கி, நிமிர்ந்து நடந்தபோது ‘தன் இடம் தெரியாதவர்கள்’ என்று வெள்ளையர்கள் அவர்களைக் குறிக்கப் பயன்படுத்தியது. உங்கள் நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமையகத்தில் இந்தச் சொல்லைப் படிப்பவருக்கு நிறவெறிதான் முதலில் நினைவுக்கு வரும். உங்களுக்கு அந்த வரலாறு தெரியாது என்பதை நம்புகிறேன். ஆனால் ‘தன் இடம் தெரியாதவள்’ என்ற பொருள் தெரிந்துதானே எழுதினீர்கள்?

நீங்கள் இணைத்திருக்கும் ஸ்க்ரீன்ஷாட்டில் எனக்குக் கவலை தருவது அதற்கு அடுத்த வரி. இரவு 11.40க்கு ‘ரொம்ப அப்பிட்டி ஆயிட்டா’ என்று நீங்கள் எழுதியதும், இன்னொருவர் ‘கே.ஜி.எஃப். புத்தி’ என்று பதில் போட்டிருக்கிறார். நீங்கள் அதற்குச் சிரிக்கும் எமோஜி போட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தங்கவயல் தமிழர் என்றால் யார் என்பது ஆம்பூர்க்காரரான உங்களுக்குத் தெரியாததல்ல. 1880இலிருந்து அந்தச் சுரங்கங்களின் ஆழத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் வட ஆற்காட்டிலிருந்து போன தலித் குடும்பங்கள் ஏராளம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியபின் அந்தப் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்கு வந்தார்கள். அந்த ஊர்ப் பெயரோடு ‘புத்தி’யைச் சேர்த்தால் அது எதைச் சொல்கிறது என்பது தமிழ் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் புரியும். ‘நான் சாதி பார்க்கிறவன் இல்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பது, இந்த எமோஜிக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கப்படும்.

வழக்கு, போலீஸ் பற்றிய பயம்

அவதூறு இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்பது தண்டனை. ஆனால் இதற்குப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட்டுக் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் புகார் மனு கொடுக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டத்தின்படி, வழக்கை ஏற்பதற்கு முன் உங்கள் தரப்பையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். ஒருவரின் ஒழுக்கம், அறிவு, தொழில், சாதி போன்றவை பற்றிப் பிறர் கொண்டுள்ள மதிப்பைத் தாழ்த்தினால்தான் அது அவதூறு. பந்தாக்காரி என்ற கருத்து அந்த அளவுக்கு எட்டுவது கடினம். நார்சிசிஸ்ட்டும் ஜம்ப்டு-அப் டெஸ்டரும் அந்தக் கோட்டுக்கு நெருங்கி வருகின்றன. சிவில் வழக்காகப் போட்டு இழப்பீடு கேட்பதானால், எழுதிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும்.

பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் சொல்லுக்கான 79ஆவது பிரிவையும் கேட்டிருக்கிறீர்கள். முன்பு 509 என்று இருந்தது. பெங்களூரு நிறுவனம் ஒன்றில் எழுந்த வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கடுஞ்சொல் பேசினார் என்பது மட்டும் போதாது, சூழலும் நோக்கமும் தெரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. டிவா என்ற ஒற்றைச் சொல் அதில் விழாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்துக்கும் பாலியல் தன்மையுள்ள பேச்சு வேண்டும். ஆனால் அந்தக் குழுவில் அவருடைய உடை, உடல், பதவி உயர்வு கிடைத்த விதம் பற்றி யாராவது எதையாவது எழுதியிருந்து, நீங்கள் அதில் கலந்துகொண்டிருந்தால், மூன்று மாதச் செய்தியையும் உட்கார்ந்து படித்துவிட்டு உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மேலாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், அவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு பேசப்படும். அது போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம். முகாந்திரம் இருந்தால் முன்ஜாமீனும் கிடைக்காது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு நிபந்தனைகளை வலியுறுத்தியது: இழிவு சாதியின் காரணமாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும், பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். நண்பர்களும் உறவினர்களும் மட்டும் இருந்த இடம் பொதுப் பார்வை ஆகாது. உங்கள் ஒன்பது பேர் நண்பர்களா, வெறும் அலுவலகச் சகாக்களா என்பதில்தான் இரு தரப்பு வாதமும் நிற்கும். ‘புத்தி’ என்று எழுதியவர் நீங்கள் இல்லை என்பது உங்களுக்குச் சாதகம். சிரித்தது பாதகம். இந்த ஒரு காரணத்துக்காகவே, குற்றவியல் வழக்குகளில் பழகிய ஒரு வழக்கறிஞரிடம் இந்த வாரமே நேரில் போய் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டுங்கள். நோட்டீஸுக்கான பதிலை அவர் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

‘தனிப்பட்ட குழுதானே?’

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது உண்மைதான். அந்த உரிமை பெரும்பாலும் அரசுக்கு எதிராகப் பேசப்படுவது. இங்கே நிறுவனம் உங்கள் போனை உடைத்துப் படிக்கவில்லை. செய்தியைப் பெற்றவர்களில் ஒருவரே கொடுத்திருக்கிறார். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் கேட்பார்கள். அலுவலக உள்விசாரணையில் அவ்வளவு கெடுபிடி கிடையாது. எனவே ‘பிரைவசி’ என்பதை உங்கள் பதிலின் முதுகெலும்பாக வைக்காதீர்கள். உள்விசாரணையில் தண்டனையைக் குறைக்க மட்டும் அது உதவும்: மேலாளரைக் குறிவைத்து அவர் முகத்துக்கு நேராகவோ பொதுவெளியிலோ சொல்லவில்லை என்று.

தண்டனையின் அளவு பற்றி நீதிமன்றங்கள் ஒரே அளவுகோல் வைத்திருக்கவில்லை. 1995இல் ராம் கிஷன் வழக்கில், மேலதிகாரியைத் திட்டியதற்குப் பணிநீக்கம் அதிகம், எந்தச் சூழலில் பேசினார் என்று பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2005இல் மகிந்திரா நிறுவன வழக்கில், மேலதிகாரியை மற்றவர்கள் முன்னால் ஆபாசமாகத் திட்டிய தொழிலாளியின் பணிநீக்கம் சரிதான் என்றது. உங்கள் நிலை முதல் வழக்குக்கு அருகில் நிற்கிறது, அந்த கே.ஜி.எஃப். வரியைத் தவிர.

இந்த ஏழு நாளில்

செய்தி எதையும் அழிக்காதீர்கள். மற்றவர்களையும் அழிக்கச் சொல்லாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் ஏற்கெனவே வெளியே போயிற்று. அழித்தால் மறைக்கப் பார்த்தார் என்ற இன்னொரு குற்றச்சாட்டு சேரும். மூன்று மாத உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் வெட்டி எடுத்த துண்டுக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தேவைப்படும்.

காட்டிக்கொடுத்தவர் யார் என்று தேடவே வேண்டாம். ‘நீதானா’ என்று ஒருவரைக் கேட்டாலே பழிவாங்கல் என்று எழுதிவிடுவார்கள். உங்கள் கடிதத்தில் பாதி இதில்தான் போயிருக்கிறது.

இரண்டாம் நாளுக்குள் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: எந்தெந்தச் செய்திகள், எந்தத் தேதி, நடத்தை விதியின் எந்தப் பிரிவு என்று கேட்டு, முழு நகலும் இன்னும் ஏழு நாள் அவகாசமும் கேளுங்கள். அவகாசம் தரவில்லை என்றால் பழைய கெடுவுக்குள்ளேயே பதில் போய்விட வேண்டும். பதில் வராத நோட்டீஸை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

பதில் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மறுக்க முடியாததை மறுக்காதீர்கள். ‘மற்றவர்களும் எழுதினார்கள்’, ‘அவர் மட்டும் ஒழுங்கா’ என்ற வரிகள் வேண்டாம். ‘யாராவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்ற வரியும் வேண்டாம், அது வருத்தமே இல்லை. இந்த வகையில் எழுதி, வழக்கறிஞர் பார்த்தபின் ஆங்கிலத்தில் கொடுங்கள்:

“குறிப்பிட்ட செய்திகளை நான் எழுதினேன். மேலாளரின் பணி முடிவுகள் மீது எனக்கு இருந்த வருத்தத்தை உரிய வழியில் சொல்லாமல், அவரைத் தாழ்த்தும் சொற்களில் எழுதியது தவறு. ஒருவர் எங்கிருந்து வந்தார், எந்தப் பணியில் தொடங்கினார் என்பதைக் குறிக்கும் சொற்களை எழுதியதற்கும், அவருடைய ஊரை இழிவாகக் குறித்த செய்தியைக் கண்டிக்காமல் அதற்குச் சிரித்ததற்கும் வருந்துகிறேன். சாதியையோ பிறப்பையோ குறித்து இழிவுபடுத்தும் நோக்கம் எனக்கு இல்லை. நிறுவனம் சொல்லும் பயிற்சியில் கலந்துகொள்ளத் தயார்.”

சிரித்ததைப் பற்றிய வரியை வைப்பதா வேண்டாமா என்று வழக்கறிஞர் தயங்கலாம், பின்னால் வழக்கு வந்தால் அது ஒப்புதலாகப் படிக்கப்படும் என்பதால். அவர் முடிவைக் கேளுங்கள். ஆனால் என் கருத்தில் அந்த வரிதான் இந்தப் பதிலுக்கு உயிர். அது இல்லாமல் மற்றதெல்லாம் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் எழுத்தாகவே படும்.

ராஜினாமா

இப்போது வேண்டாம். விசாரணை நிலுவையில் இருக்கும்போது போனால் அந்தக் குறிப்போடுதான் ரிலீவிங் லெட்டர் வரும், அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் அது நிற்கும். 5 ஆண்டு நிறைவாகாததால் கிராஜுவிட்டியும் போகும். வீட்டுக்கடன் தவணையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் அவசரத்துக்கு இது செய்யும் காரியமில்லை. நிறுவனமே ‘போய்விடுங்கள்’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், அதே கூட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பாதகக் குறிப்பில்லாத ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, முழு செட்டில்மென்ட் தேதி ஆகிய மூன்றும் எழுத்தில் வந்தபின் யோசிக்கலாம்.

உங்கள் குறை என்ன ஆவது?

உங்களுக்கும் நியாயம் இருக்கிறது. அதை நோட்டீஸ் பதிலில் கலக்காமல், விசாரணை முடிந்தபின் குறைதீர்க் குழுவுக்குத் தனி மனுவாகக் கொடுங்கள். அதில் ஒரு அடைமொழியும் இருக்கக் கூடாது. ‘டின் காட்’ என்று எழுதிய இடத்தில், எந்தத் தேதியில் லீவு கேட்டீர்கள், எந்தத் தேதியில் பதில் வந்தது என்று எழுதுங்கள். ‘ப்ரிமா டோனா’ என்ற இடத்தில், எந்த மீட்டிங்கில் உங்கள் பேச்சு எத்தனாவது நிமிடத்தில் நிறுத்தப்பட்டது, யார் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். அவர் உங்களை ஸ்மார்ட் அலெக் என்றதையும் தேதியோடு சேர்க்கலாம். அதற்காகப் போலீசுக்குப் போக நினைக்காதீர்கள். பணி தொடர்பாக மேலதிகாரி கண்டிப்பது, அமைதியைக் குலைக்கும் நோக்கில் செய்த அவமதிப்பு ஆகாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிப் பார்க்கும்போது சில குறைகள் தேதியோடு நிற்காமல் உதிர்ந்துவிடும். ஒருகாலத்தில் உங்களிடம் வேலை கற்றவர் இன்று உங்களுக்கு மேல் இருப்பதுதான் அவற்றின் வேர் என்றால், அவற்றை மனுவில் சேர்க்காதீர்கள்.

மேலாளருக்கு நேரடியாக ஒரு மெசேஜ் போட்டு மன்னிப்புக் கேட்கலாமா என்று உங்கள் மனைவி கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதில் நியாயம் இருந்தாலும் இப்போது கூடாது, விசாரணையில் சாட்சியைக் கலைப்பதாக ஆகிவிடும். நடவடிக்கை முடிந்தபின், மேலாளருக்குச் சம்மதமா என்று ஹெச்.ஆர். மூலம் கேளுங்கள். சம்மதித்தால் ஹெச்.ஆர். இருக்கும்போதே நேரில், தமிழிலேயே சொல்லுங்கள். ‘மேடம், அந்தச் செய்திக்கு நான் சிரிச்சது தப்பு’ என்று தொடங்குங்கள். ‘ஆனா’ என்று அடுத்த வாக்கியத்தை ஆரம்பிக்காதீர்கள்.